கன்னி மூலை விசிறி

ஜூன் 10, திங்கள்

விடுப்பு முடிந்து இன்று அலுவலகம் போனேன். பாப்பு அழவில்லை. நான் அழுதேனா என்பதை எழுதப் போவதில்லை. இது என் நோட்டு, என் இஷ்டம்.

எழுதி வைக்காவிட்டால் எல்லாம் மறந்துபோகிறது. பிள்ளை பெற்றால் அப்படித்தானாம். பாப்புவுக்கு ஏழு மாதம் ஆகிறது, போன மூளை இன்னும் திரும்பவில்லை. அதனால்தான் பாத்திரம் கழுவி, அவளைத் தூங்க வைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகம் ஒரு காலத்தில் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முகப்பில் நீலக் கண்ணாடி ஒட்டியதும் கம்பெனி ஆகிவிட்டது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் கோப்புகளைப் படித்து, எந்த நோய்க்கு, எந்த விபத்துக்கு எந்தக் குறியீட்டு எண் என்று போடுவது எங்கள் வேலை. வாத்து கடித்தால் ஓர் எண், வாத்து இடித்தால் வேறோர் எண். அறுபது பேர் காலை ஒன்பது முதல் ஆறு வரை இதைச் செய்கிறோம்.

நான் இல்லாதபோது கூடத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். ஜன்னல்களை எல்லாம் அடைத்துக் கண்ணாடி பதித்து, பத்து ஏசி மாட்டியிருக்கிறார்கள். தென்மேற்கு மூலையில், அதாவது கன்னி மூலையில், ஆள் உயர மகாலட்சுமி படம். "ஊட்டியாட்ட இருக்குது பாருங்க" என்றார் மேனேஜர் லோகநாதன் சார். இருந்தது. துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பால் எடுத்து வைக்க இடம் கேட்டேன். சார் முகம் சிவந்து, ஸ்டேஷனரி அறைச் சாவியை நீட்டி, சுவரைப் பார்த்தபடி "ஆல் தி பெஸ்ட்" என்றார்.

ஜூன் 12, புதன்

மத்தியானத் தலைவலி. அத்தை, அதான் என் மாமியார், காப்பி நிறுத்தச் சொல்கிறார். அதற்கு உயிரையே விட்டுவிடலாம்.

ஜூன் 18, செவ்வாய்

முதல் சிவப்பு.

நாங்கள் போடும் எண்களை இன்னொரு கூட்டம் சரிபார்க்கும். தப்பு இருந்தால் நம் பெயருக்கு எதிரே சிவப்பு விழும். ஜூலை முடிவதற்குள் ஆறு விழுந்தால், 'நானே விரும்பி விலகுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிரசவத்துக்கு முன் மூன்று வருடத்தில் எனக்கு விழுந்தது மொத்தம் இரண்டு. பெருமையாகச் சொல்லவில்லை. சரி, பெருமையாகத்தான்.

இன்று நான் செய்தது: எழுபது வயதுத் தாத்தா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். நான் அவரை விண்கலத்திலிருந்து விழ வைத்துவிட்டேன். அதற்கும் ஓர் எண் இருக்கிறது, என்ன செய்ய.

பக்கத்து இருக்கை ஜெசிந்தாக்கா தூத்துக்குடிக்காரர். பதினைந்து வருட அனுபவம், வாய்க்கு இன்னும் கொஞ்சம் கூட. "ஏட்டி, தாத்தா பத்திரமா இறங்குனாராமா? பாராசூட்டுக்கு நம்பர் போட்டியா?" என்று மாலை வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? இந்த வேலையை எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடுவேன். எனக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 21, வெள்ளி

கம்பெனியில் எல்லோருக்கும் சிவப்பு கூடிவிட்டதாம். அதற்கு எம்.டி. நாச்சிமுத்து சார் கண்ட வைத்தியம் வெள்ளிக்கிழமை பூஜை. அடைத்த கூடத்துக்குள் அறுபது பேரையும் நிற்க வைத்து, சாம்பிராணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகச் சுற்றி வந்தார்கள். புகை போக வழி இல்லை. நான்கு மணி வரை மகாலட்சுமி மேகத்துக்குள் இருந்தார்.

பூஜை முடிந்ததும் முதல் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அது வரிசை வரிசையாகப் பரவிக் கடைசியில் லோகநாதன் சாரிடம் போய் முடிந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு, "ரொம்பத் திருப்தியான பூஜை" என்றார்.

ஜூன் 25, செவ்வாய்

சிவப்பு இரண்டும் மூன்றும் ஒரே நாளில். அது பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து பாப்புவுக்கு வைட்டமின் சொட்டு கொடுத்தேன். துணி மடித்தேன். மறுபடி கொடுத்தேன்.

அத்தைதான் பார்த்தார். "ஏங் கண்ணு, இப்பத்தானே குடுத்தே?"

டாக்டருக்குப் போன் போட்டோம். ஒரு நாள் கூடுதலாகப் போனால் ஒன்றும் ஆகாது என்றார். பாப்புவும் ஒன்றும் ஆகாதவளாகச் சிரித்துக்கொண்டு என் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

கொடுத்த ஞாபகம் துளிகூட இல்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் மட்டும்தான் இருக்கிறது.

ஜூன் 26, புதன்

இனி மருந்தெல்லாம் அத்தையே கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் பேத்திக்குச் செய்த திருப்தி இருக்கட்டுமே. குளிப்பாட்டுவதையும் அவரே பார்த்துக்கொள்வார். பயம் எல்லாம் இல்லை. எனக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 30, ஞாயிறு

வீட்டில் இருந்தேன். தலைவலி இல்லை. என் கணவர் பிரசாந்தின் தங்கை கல்யாணத்துக்கு வந்தவர்கள் பட்டியலை ஊர் வாரியாக ஒப்பித்தேன். "நாளைக்கு ஆபீஸ்ல இப்பிடிப் பண்ணு" என்றார் பிரசாந்த். அவருக்குச் சிவப்பு விஷயம் தெரியாது. பொதுவாகச் சொன்னதாகத்தான் இருக்கும்.

அந்த மனிதர் பாப்பு தூங்கும் அறையில் கொசுவத்தி கொளுத்துகிறார். இரண்டு மணி நேரம் இணையத்தில் படித்து, காற்றை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கப் பதிவு செய்துவிட்டேன். நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயு அறையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எண்ணில் காட்டுமாம். தூசியையும் காட்டுமாம். தாய்மை என்பது பாதி இணைய வியாபாரம்.

ஜூலை 4, வியாழன்

மீட்டர் வந்தது. சோப்புப் பெட்டி அளவுதான். ஓர் எண், பக்கத்தில் ஒரு முகம். காற்று நன்றாக இருந்தால் பச்சையில் சிரிக்கும், மோசமானால் சிவப்பில் அழும். மொட்டைமாடியில் 420. பாப்பு அறையில், ஜன்னல் திறந்திருக்க, 560, சிரித்த முகம். கொசுவத்தி கொளுத்தியதும் தூசி எண் எகிறியது. பிரசாந்த் அப்போதே வத்தியை வெளியே எறிந்தார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நான் வாதத்தில் ஜெயித்தது இதுவே முதல் தடவை.

நேற்று நான்காவது சிவப்பு. எழுத மறந்துவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

மூன்று மணிக்கு வாராந்திரக் கூட்டம். லோகநாதன் சார் கவனக்குறைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. திடீரென்று கீச், கீச், கீச்.

"யாரு போனுங்க அது? உள்ள கொண்டு வரக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

சத்தம் என் பையிலிருந்து. கையை விட்டேன். பால் புட்டி வந்தது. கிலுகிலுப்பை வந்தது. ஒரு காலுறை வந்தது.

"ஏட்டி, தொட்டிலையும் உள்ளதான் வச்சிருக்கியா?" என்றார் ஜெசிந்தாக்கா.

கடைசியாக மீட்டர் வந்தது. காலையில் அவசரத்தில் பாப்பு சாமான்களோடு இதையும் அள்ளிப் போட்டிருக்கிறேன். எண் 2,860. சிவப்பாக, தேம்பித் தேம்பி அழும் முகம்.

கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கழிப்பறைக்குக் கொண்டுபோனேன். அங்கே காற்றை வெளியேற்றும் ஒரு விசிறியும், உடைந்த ஜன்னல் ஒன்றும் இருக்கின்றன. ஐந்தே நிமிடத்தில் 690. சிரித்த முகம்.

கூடத்துக்கு வந்தேன். அழுதது. மறுபடி கழிப்பறை. சிரித்தது. நான்கு தடவை போய் வந்தேன். ஜெசிந்தாக்கா வயிற்றுக்கு ஓம வாட்டர் வேண்டுமா என்று கேட்டார்.

நான் நுண்ணுயிரியல் பட்டதாரி. மூடிய குடுவைக்குள் எது எவ்வளவு நாள் தாங்கும் என்று மூன்று வருடம் படித்தவள். ஒரு மாதமாகக் குடுவைக்குள் உட்கார்ந்துகொண்டு என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 10, புதன்

காலை ஒன்பது: 640. பதினொன்று: 1,500. ஒன்று: 2,200. மூன்று: 2,900. அறுபது பேர் விட்ட மூச்சை அறுபது பேரும் திரும்ப இழுக்கிறோம். கணவனோடு கூட இவ்வளவு நெருக்கம் கிடையாது.

நேற்றிரவு படித்ததில், இந்த அளவுக்குப் போனால் தலை கனக்கும், தூக்கம் அழுத்தும், யோசனை மந்தமாகும் என்று போட்டிருக்கிறது. ஜெசிந்தாக்கா என் நான்கு சிவப்பும் விழுந்த நேரத்தைப் பதிவில் தேடிப் பார்த்தார். எல்லாம் மத்தியானம் இரண்டரைக்கு மேல்.

"என்னுதும் அப்படித்தாம்ட்டி" என்றார். குரல் தணிந்திருந்தது. "எனக்கு ஒம்பது. வயசாச்சு, இனி அவ்வளவுதான் போலன்னு நினைச்சிட்டிருந்தேன்."

அக்காவுக்கு ஒன்பது என்று எனக்குத் தெரியாது. சீனியர்களுக்கு வரம்பு பன்னிரண்டு.

இன்று முதல் கடினமான கோப்பு வந்தால் இருவரும் கழிப்பறைக்குப் போய் விசிறிக்கு அடியில் நின்று யோசித்துவிட்டு வருகிறோம். இதய அறுவை சிகிச்சை ஒன்றை இன்று கை கழுவும் இடத்தில் வைத்துத் தீர்த்தோம். சரியான விடை.

ஜூலை 12, வெள்ளி

லோகநாதன் சாரிடம் சொன்னேன்.

"பத்து ஏசி ஓடுதுங்க வினோதினி. காத்து இல்லைங்கறீங்களே?"

"ஏசி காத்தைக் குளிர வெக்கும் சார், மாத்தாது. நேத்து வெச்ச சோத்தை ஃப்ரிட்ஜுல வெச்சா புதுச் சோறாயிருமா?"

அவர் யோசித்தார். நேரம் மூன்றேகால், அதனால் கொஞ்சம் தாமதமானது. "ஆகாதுங்க" என்றார் கடைசியில். பிறகு, "எம்.டி. கிட்ட நான் எப்பிடிங்க சோத்தைப் பத்திப் பேசறது?" என்றார்.

ஜூலை 15, திங்கள்

ஐந்தாவது சிவப்பு. கழிப்பறையில் வரிசை இருந்தது.

ஏசி சர்வீசுக்குக் காஜா பாய் வந்திருந்தார். வெளிக் காற்று வர வழியே இல்லையா என்று கேட்டேன். ஸ்பேனரால் மகாலட்சுமியைக் காட்டினார்.

"அம்மனுக்குப் பின்னாடி பெரிய ஃபேன் இருக்குதுங் மேடம். வெளிக் காத்த இழுத்து உள்ள விடற ஃபேன். மண்டபமா இருந்தப்ப நாந்தான் மாட்டுனேன். போன மார்ச்ல நானேதான் ப்ளைவுட் வெச்சு அடைச்சேன்."

"ஏன் பாய் அடைச்சீங்க?"

"எம்.டி.யோட வாஸ்துக்காரர் சொல்லிட்டாருங்க. கன்னி மூலையில ஓட்டை இருந்தா லட்சுமி வெளிய போயிருமாம். எனக்கென்னங் மேடம், மாட்டச் சொன்னா மாட்டுவேன், அடைக்கச் சொன்னா அடைப்பேன்."

மார்ச்சில். நான் வீட்டில் பாப்புவோடு இருந்தபோது.

லட்சுமி வெளியே போகவில்லை, உண்மைதான். யாருடைய மூச்சும் வெளியே போகவில்லை.

ஜூலை 17, புதன்

சோற்றுப் பேச்சைத் தவிர்த்துவிட்டு லோகநாதன் சார் எம்.டி.யிடம் பேசியிருக்கிறார். அவர் கொண்டுவந்த பதில்: "இன்னைக்கு ஆடி ஒண்ணுங்க. ஆடியில சுவத்துல கை வெக்க மாட்டாராம். ஆவணில பாத்துக்கலாம்னுட்டாரு."

ஆவணியில் நான் இருக்க மாட்டேன். இன்னும் ஒரே ஒரு சிவப்புதான் பாக்கி.

திரும்பும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஸ்கூட்டியைத் தள்ளியது. துப்பட்டா பறந்து முன்னால் போனவர் ஹெல்மெட்டில் மாட்டியது. ஊரே பறக்கிறது. அந்தக் காற்று நேராக வந்து மோதுவது எங்கள் அலுவலகத்தின் அந்த மூலையில்தான்.

அத்தை கேட்டார். "ஏங் கண்ணு, ஒடம்பு சொகமில்லீன்னா வேலைய உட்டுப்போட்டு ஊட்டுல இரேன். கொழந்தைக்கும் ஆச்சு."

பரிவாகத்தான் கேட்டார். நான் வெடுக்கென்று எழுந்து போய்விட்டேன். எப்போது வேண்டுமானாலும் விடலாம் என்று நானே எழுதியிருக்கிறேன், மேலே. அது ஒரு பேச்சுக்கு எழுதியது. இப்படி விட்டால் கெட்டது காற்றா, நானா என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. பாப்புவை நம்பி ஒருவர் என் கையில் கொடுக்கலாமா என்று எனக்கே தெரியாது.

ஜூலை 23, செவ்வாய்

ஆறாவது சிவப்பு.

மூன்றரை மணிக்கு எம்.டி. அறைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிப் பெட்டி மாதிரி சின்ன அறை. எம்.டி., லோகநாதன் சார், நான், சாட்சிக்கு ஜெசிந்தாக்கா. ஏணி மேல் காஜா பாய், எம்.டி.யின் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று. கதவைச் சாத்தினார்கள். நான் மீட்டரை மேஜை மேல் வைத்தேன். 2,450.

எம்.டி. கெட்ட மனிதர் இல்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். "அம்மிணி, நான் இந்தக் கம்பெனிய ஒரே ஒரு கம்ப்யூட்டர வெச்சு ஆரம்பிச்சவன்" என்று தொடங்கினார். இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்குவதற்குள் 2,900. சிங்காநல்லூர் கிளையைத் திறக்கும்போது 3,300. லோகநாதன் சாரின் கண் பாதி மூடியிருந்தது.

"கவனம் அம்மிணி, கவனம். நானு இத்தன வருசத்துல ஒரு காயிதத்துல தப்பா கையெழுத்துப் போட்டதில்ல." கொட்டாவி. "எங்க, அதக் குடுங்க லோகநாதன்."

விலகல் கடிதத்தை வாங்கினார். பேனாவைத் திறந்தார். பெரிதாக, சுழித்து, இரண்டு கோடு போட்டுக் கையெழுத்திட்டார். லோகநாதன் சார் வாங்கி, பார்க்காமலே, கம்பெனி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

ஜெசிந்தாக்கா எட்டிப் பார்த்தார். "சார், 'விலகும் பணியாளர்' னு போட்ட இடத்துல நீங்க போட்டிருக்கீங்க."

ஏணி மேல் காஜா பாய் ஸ்பேனரை வாயில் கடித்துக்கொண்டார்.

"அப்ப நான் வெலகிட்டனா?" என்றார் எம்.டி.

"முத்திரையும் விழுந்துட்டு சார். வழியனுப்புக்குக் கேக் சொல்லவா?" என்றார் அக்கா.

லோகநாதன் சாருக்கு முழு விழிப்பு வந்துவிட்டது. எம்.டி. கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக மேஜையைப் பார்த்தார். 3,640.

"அது எதுக்கு அம்மிணி இப்பிடி அழுவுது?"

சொன்னேன். தேர்வறையில் எழுதுவது போல எல்லாவற்றையும். மூச்சு, எண், மணி, சிவப்பு. சொட்டு மருந்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஜெசிந்தாக்கா என் முதுகில் கை வைத்தார். எம்.டி. குறுக்கே பேசவில்லை. அவருக்கே தலை வலித்ததோ என்னவோ, நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா கன்னி மூலையாச்சே" என்றார், பாவமாக. வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"அந்த ஃபேன் காத்தை எந்தப் பக்கமுங்க தள்ளுது?" என்றது போன்.

"உள்ள இழுக்குதுங்க!" என்று ஏணியிலிருந்து கத்தினார் காஜா பாய்.

"உள்ளயா? உள்ள வந்தா வரவுங்களே. அப்பறம் எதுக்கு அடைச்சு வெச்சிருக்கறீங்க?"

"நீங்கதானுங்க அடைக்கச் சொன்னீங்க!" என்றார் எம்.டி.

"நீங்க ஓட்டைன்னுதானுங்க சொன்னீங்க. எந்தப் பக்கமின்னு சொல்லவே இல்லீங்களே."

மார்ச்சிலிருந்து ஜூலை வரை. அறுபது பேர். எந்தப் பக்கம் என்று ஒருவர் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

ஆடி மாதத்துக்கும் வாஸ்துக்காரரே வழி சொன்னார். புதிதாகக் கட்டினால்தான் ஆடி பார்க்க வேண்டுமாம். இருப்பதைத் திறந்துவிட ஆடி வெள்ளியை விட உத்தமமான நாள் இல்லையாம்.

கடிதம் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. எம்.டி. அதை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜூலை 26, வெள்ளி

தேங்காய் உடைத்தார்கள். மகாலட்சுமியை இறக்கி வடகிழக்கில் வைத்தார்கள். காஜா பாய் ப்ளைவுட்டைப் பெயர்த்து, சுவிட்சைப் போடச் சொன்னார். எம்.டி. தானே போடுவேன் என்று நேர் கீழே போய் நின்றார்.

நான்கு மாதத் தூசியும் ஒரு புறாக் கூடும் அவர் மேல் இறங்கின. பின்னாலேயே ஆடிக் காற்று. காகிதமெல்லாம் எழும்பியது, சாம்பிராணி ஒரே மூச்சில் காணாமல் போனது. எம்.டி. தலையில் வைக்கோலோடு, "வரவு, வரவு" என்றார்.

மூன்று மணிக்கு 810. பக்கத்தில் சிரித்த முகம். நான் முதல் தடவையாகத் துப்பட்டாவை இறக்கிவிட்டு வேலை செய்தேன்.

ஜூலை 31, புதன்

இந்த மூன்று நாளும் எனக்குச் சிவப்பு இல்லை. அறுபது பேருக்கும் சேர்த்தே மொத்தம் இரண்டுதான். எம்.டி. இதை ஆடி வெள்ளிப் பூஜையின் கணக்கில் எழுதிக்கொண்டார், எழுதிக்கொள்ளட்டும். என் பெயரில் இருந்த ஆறையும், நடுவில் ஒன்று கூடிப் பத்தாகியிருந்த ஜெசிந்தாக்காவின் சிவப்பையும் அழித்துவிட்டார்கள். "மத்தியானம் தூங்கவே முடியலட்டி, நாசமாப் போன காத்து" என்று அக்கா அலுத்துக்கொள்கிறார். நேற்று புதுக் கம்மல் போட்டு வந்தார்.

பிரசாந்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சிவப்பு விசயம் ஜூன்லயே தெரியும். தூக்கத்துல விண்கலம், விண்கலம்னு பொலம்புனே" என்றார். அப்போதே கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயந்தாராம். இந்த வீட்டிலும் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

சாயங்காலம் அத்தை சொட்டு மருந்தை எடுத்தார். "நான் குடுக்கறேன் அத்தை" என்றேன். அவர் அதை என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஒரு தடவை கொடுத்தேன். கொடுத்தது ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று ஒரு சிவப்பு.

காலை பத்தேகால். மீட்டரில் 610. தலைவலி இல்லை, தூக்கம் இல்லை, சாக்கும் இல்லை. ஒருவருக்கு இடது கை முறிந்திருக்கிறது, நான் வலது கையை முறித்துவிட்டேன். பாப்பு நேற்று கட்டில் காலைப் பிடித்துத் தானாக எழுந்து நின்றதை ஜெசிந்தாக்காவுக்கு நடித்துக் காட்டிக்கொண்டே போட்ட எண்.

லோகநாதன் சார் பதறிப்போய் ஓடி வந்து, மூலையை அண்ணாந்து பார்த்தார். "என்னங்க வினோதினி, ஃபேன் நின்னுருச்சுங்களா? காஜா பாயக் கூப்புடட்டுமா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வேண்டாங்க சார். அது நல்லாத்தான் சுத்துது. இது நான் பண்ணுனது."